இரவில் டியூட்டி டாக்டரை எழுப்புவது எப்படி? அனுபவமுள்ள செவிலியர்கள் சொல்லுங்கள்

கொடிவேரி:
எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். ஆண்கள் சர்ஜரி வார்டு. பகலில் சீனியர் அக்காக்கள் கூட இருப்பதால் பிரச்சினை இல்லை. நைட் டியூட்டி என்றால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

நோயாளிக்கு ஏதாவது ஆகிறது என்று டியூட்டி டாக்டருக்கு ஃபோன் செய்தால், "இதுக்கெல்லாமா எழுப்புவீங்க?" என்று கத்துகிறார். சரி, காலை வரை பார்ப்போம் என்று விட்டால், ரவுண்ட்ஸ் வரும் சீஃப் "ராத்திரியே ஏன் சொல்லலை?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார். கல்லூரியில் கம்யூனிகேஷன் பாடம் படித்தோம். நோயாளியிடம் கண்ணைப் பார்த்துப் பேசு, குறுக்கிடாமல் கேள் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். தூக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள்?

பழைய இன்சார்ஜ்:
கொடிவேரி, நல்ல கேள்விம்மா. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

ஃபோனை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். நோயாளியோடு துணைக்கு இருக்கும் அட்டெண்டர் ஓடி வந்து "மூச்சு வாங்குது சிஸ்டர்" என்றதும் ஸ்டேஷனில் நின்றபடியே டாக்டருக்கு ஃபோன் போடாதே. படுக்கைக்குப் போய் நீயே பார். பல்ஸ், பிபி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சாச்சுரேஷன், காய்ச்சல் எல்லாம் எடு. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணு. பல வார்டுகளில் எண்ணாமலே 20 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நோயாளி மோசமாகத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அந்த எண்தான். கேஸ் ஷீட்டும் மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். "கடைசியாக என்ன ஊசி போட்டீங்க?" என்று அவர் கேட்கும்போது நீ தாளைத் தேடினால் அவருக்குக் கோபம் வரும், உனக்குப் பதற்றம் வரும்.

பேசும் வரிசைக்கு எஸ்பார் என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த முறை. கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவ நிறுவனத்தார் அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது என்ன ஆகிறது, இதற்கு முன் கதை என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும். இந்த நான்குதான். வார்டில் பேசும் பேச்சில் சொல்கிறேன்:

"சார், ஆண்கள் சர்ஜரி வார்டு ஸ்டாஃப் பேசறேன். 12ஆம் பெட், 62 வயசு, ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள். அரை மணி நேரமா மூச்சு வாங்குது. சர்க்கரை உண்டு, மருந்து அலர்ஜி கிடையாது. இப்ப ரெஸ்பிரேட்டரி ரேட் 28, ஆக்சிஜன் வைக்கறதுக்கு முன்னாடி சாச்சுரேஷன் 91, பல்ஸ் 118, பிபி 100/60, காய்ச்சல் 101. சாயங்காலம் ரேட் 18, சாச்சுரேஷன் 97 இருந்துச்சு. நெஞ்சுல ஏதோ ஆகுதுன்னு நினைக்கறேன், மோசமாயிட்டே போறார். நீங்க இப்பவே வந்து பார்க்கணும். வர்றதுக்குள்ள எக்ஸ்ரேவுக்கும் ஏபிஜி ரத்த டெஸ்டுக்கும் சொல்லி வைக்கட்டுமா?"

இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. நம் பிள்ளைகள் எல்லோரும் தடுமாறும் இடம் கடைசி வரி. எண்களையெல்லாம் சரியாக ஒப்பித்துவிட்டு, "என்ன சார் பண்றது?" என்று முடித்துவிடுவார்கள். அவர் தூக்கக் கலக்கத்தில் "பாராசிட்டமால் குடுங்க" என்று வைத்துவிடுவார். வந்து பார்க்க வேண்டும் என்றால், வந்து பாருங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தாமிரபரணி:
இன்சார்ஜ் அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் திருநெல்வேலியில் நர்சிங் ஆசிரியை. பெட் நம்பரை மட்டும் சொல்லிப் பேசக் கூடாது. மதியம் 12ஆம் பெட்டில் இருந்தவர் ராத்திரி 9க்கு மாறியிருப்பார். நோயாளியின் பெயரும் மருத்துவமனைப் பதிவு எண்ணும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு அடையாளங்கள் வேண்டும், அவற்றில் படுக்கை எண் சேராது என்பது தரச்சான்று பெற்ற மருத்துவமனைகளில் கட்டாய விதி. ஒரே வார்டில் இரண்டு முருகன், மூன்று லட்சுமி இருப்பது நம் ஊரில் சாதாரணம்.

மெடிசின் பிஜி:
டாக்டர் பக்கத்திலிருந்து ஒருவர் பேசட்டும் என்று எழுதுகிறேன். பொது மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். காலையில் தொடங்கும் டியூட்டி மறுநாள் ஓபி முடியும் வரை போகும். அதைக் காரணம் காட்டிக் கத்துவதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த நேரத்தில் மூளை எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன். எழுந்த முதல் பத்து நொடியில் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஓட வேண்டுமா, வேண்டாமா? பழைய இன்சார்ஜ் எழுதியது போல யாராவது பேசினால், அவர் "எக்ஸ்ரே" என்று சொல்வதற்குள் நான் செருப்பை மாட்டியிருப்பேன்.

இன்னொன்று. "சார், எண்ணெல்லாம் பரவாயில்லை, ஆனா ஆள் ஒரு மாதிரி இருக்கார்" என்று சொல்லத் தயங்காதீர்கள். எங்களில் சிலர் அதைக் கேட்டுச் சலித்துக்கொள்வார்கள். ஆனால் 1990இல் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில், நோயாளி மோசமானால் ஓடி வரும் அவசரக் குழு முறை தொடங்கியதிலிருந்து இன்று வரை, உலகில் பல மருத்துவமனைகளில் "ஊழியருக்குக் கவலையாக இருக்கிறது" என்பதே அந்தக் குழுவை அழைக்கப் போதுமான காரணம். எட்டு மணி நேரம் அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள். நான் பார்த்தது ரவுண்ட்ஸில் இரண்டு நிமிடம்.

எங்கள் யூனிட்டில் ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு வார்டு சிஸ்டரும் டியூட்டி டாக்டரும் நின்றபடியே ஐந்து நிமிடம் பேசுவோம். தூக்க மாத்திரை, வலி ஊசி, முடியப்போகும் டிரிப்ஸ், வரவேண்டிய ரிசல்ட் எல்லாம் அங்கேயே எழுதி வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஃபோன் அடித்தால் அது அவசரம் என்று எனக்கே தெரியும். கேட்டுப் பாருங்கள், உங்கள் இடத்திலும் நடக்கலாம்.

வார்டு 7:
எல்லாம் நல்ல அறிவுரை. ஆனால் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஏன் எப்போதும் எங்களுக்கே பேசக் கற்றுக்கொடுக்கிறீர்கள்? கேட்கக் கற்றுக்கொடுப்பது யாருக்கு?

லெனர்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1967இல் 'டாக்டர்-நர்ஸ் ஆட்டம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் சொல்வது இதுதான். நர்ஸுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஆனால் தான் சொன்னதாகத் தெரியாமல், டாக்டருக்கே தோன்றியது போலச் சொல்ல வேண்டும். டாக்டரும் அதைத் தன் யோசனை போலவே எடுத்துக்கொள்வார். நேருக்கு நேர் கருத்து வேறுபாடு வந்துவிடக் கூடாது என்பதே அந்த ஆட்டத்தின் விதி. இன்றைக்கும் எத்தனை வார்டில் அந்த ஆட்டம் நடக்கிறது என்று நமக்குத் தெரியும். "சார், போன தடவை இந்த மாதிரி இருந்தப்போ லேசிக்ஸ் குடுத்தீங்க..." என்று இழுப்போமே, அதுதான்.

பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று மத்திய அரசின் பணியாளர் ஆய்வுக் குழு வகுத்த அளவு இருக்கிறது. நாங்கள் ராத்திரியில் ஒருவர், சில நாள் இரண்டு பேர், மொத்த வார்டுக்கும். அதில் பலர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், டாக்டரை எதிர்த்துப் பேசினால் வேலை என்னாகும் என்ற பயத்தில் இருப்பவர்கள். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணு என்கிறீர்கள். எண்ணுகிறேன். அந்த நேரத்தில் நான்கு பேர் சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். பேச்சுத் திறன் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆள் பற்றாக்குறையை நர்ஸின் பேச்சுக் குறையாகக் காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

லீட்ஸ் தமிழ்:
வார்டு 7 சொல்வது சரி. இங்கே இங்கிலாந்திலும் ஆள் பற்றாக்குறை உண்டு, டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் படிநிலை முழுதாக மறைந்துவிடவில்லை. வித்தியாசம் என்ன என்றால், எப்போது கூப்பிட வேண்டும் என்பதை நர்ஸின் தைரியத்துக்கு விட்டுவைக்கவில்லை. நியூஸ் என்று ஒரு மதிப்பெண் முறை, நோயாளியின் எண்கள் எவ்வளவு மோசமோ அவ்வளவு மதிப்பெண். 2012இல் வந்தது, 2017இல் திருத்தினார்கள். இன்சார்ஜ் அக்கா சொன்ன அந்த நோயாளிக்குக் கூட்டிப் பார்த்தேன். மூச்சு 28க்கு 3, சாச்சுரேஷன் 91க்கு 3, பல்ஸுக்கு 2, பிபிக்கு 2, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 11. ஏழு வந்தாலே அவசர நிலை. "நியூஸ் 11" என்று சொன்ன பிறகு "இதுக்கெல்லாமா?" என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

அப்படியும் கேட்கவில்லை என்றால் படிப்படியாகச் சொல்லும் முறை ஒன்றைப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். முதலில் "எனக்குக் கவலையாக இருக்கிறது". அடுத்து "எனக்கு இது சரியாகப் படவில்லை". மூன்றாவது "இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை". மூன்றாவது வரியைக் கேட்டால் அங்கே எல்லோரும் கையில் இருப்பதை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டும். இதன் வேர் விமானத் துறையில் இருக்கிறது. 1977இல் டெனெரிஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் சந்தேகப்பட்டுக் கேட்டார். கேப்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. கீழே இருப்பவர் சொல்லவும் மேலே இருப்பவர் கேட்கவும் சேர்த்தே பயிற்சி வேண்டும் என்று அந்தத் துறை அதற்குப் பிறகுதான் உறைக்கக் கற்றுக்கொண்டது.

வெளிநாடு வரும் எண்ணமுள்ள தங்கைகளுக்கு ஒரு சொல்: மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் ஆங்கிலத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. நோயாளியின் பார்வையைக் கேட்டறிந்தாயா, சொல்வதை ஒழுங்காக வகுத்துச் சொன்னாயா என்றும் பார்க்கிறார்கள். ஆங்கிலம் சரளமாக வருகிறவர்கள்கூட அங்கே தடுக்கி விழுகிறார்கள்.

கொடிவேரி:
எல்லோருக்கும் நன்றி. எஸ்பார் வரிசையை எழுதி எடுத்துக்கொண்டேன். ஒரு சந்தேகம். டாக்டர் ஃபோனிலேயே மருந்து சொல்கிறார். சில நேரம் சரியாகக் கேட்பதில்லை. திரும்பக் கேட்டால் "காது கேக்காதா?" என்கிறார். என்ன செய்வது?

பழைய இன்சார்ஜ்:
அவர் சொல்லச் சொல்ல எழுது. எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டு. அவர் "ஆமாம்" என்று சொன்ன பிறகுதான் மருந்தை எடு. இந்த மூன்றும் நடக்காத ஃபோன் ஆர்டர் ஆர்டரே இல்லை.

ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஃபோனில் ஒரே மாதிரி கேட்கும். "ஒன் ஃபைவ்" என்று எண்ணைப் பிரித்துத் திரும்பச் சொல். இன்சுலினில் "யூனிட்" என்று முழுதாக எழுது. வெறும் யு எழுத்தைப் போட்டால் அது பூஜ்யம் மாதிரித் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. "காது கேக்காதா" என்றால், "கேக்குது சார், ஃபோன் ஆர்டரைத் திரும்பப் படிக்கணும்னு ரூல்" என்று சாதாரணக் குரலில் சொல். குரலை உயர்த்தவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். அப்புறம் நர்ஸ் நோட்டில் நேரம் போட்டு எழுது: 2.10க்கு டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது, இந்த எண்கள் சொல்லப்பட்டன, இந்த ஆர்டர் வந்தது. "டாக்டர் அலட்சியமாகப் பேசினார்" என்றெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதாதே. அது நோயாளியின் ஆவணம். உன் புகாரைத் தனித் தாளில் சூப்பரின்டெண்டெண்டிடம் கொடு.

அப்பாவின் மகள்:
நான் நர்ஸ் இல்லை. அப்பாவுக்காக மருத்துவமனைகளில் நிறைய நாள் இருந்தவள். இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் டாக்டரிடம் படும் பாடு எங்களுக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். அப்பா விழித்துக்கொண்டுதான் இருப்பார். அவர் தலைக்கு மேலே என்னிடம் "இவர் யூரின் போனாரா? சாப்பிட்டாரா?" என்று கேட்பார்கள். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், கேட்டால் மில்லியில் சொல்லியிருப்பார். ஒரே ஒரு சிஸ்டர் மட்டும் கிட்ட வந்து, "ஐயா, கையில ஊசி மாத்தப் போறேன், கொஞ்சம் சுருக்குனு இருக்கும், எந்தக் கை வசதி?" என்று கேட்பார். அந்தச் சிஸ்டர் எப்போது டியூட்டி என்று அப்பா என்னிடம் விசாரித்துக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது, எதைக் கேட்டாலும் "டாக்டரைக் கேளுங்க" என்ற பதில். டாக்டர் வருவதோ இரண்டு நிமிடம். நாங்கள் யாரைத்தான் கேட்பது? ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?

தாமிரபரணி:
நியாயமான கேள்வி அம்மா. நோய் இன்னதுதான், இனி என்ன ஆகும் என்பதை முதலில் சொல்ல வேண்டியவர் மருத்துவர். நாங்கள் அரைகுறையாகச் சொல்லி, அவர் வேறு மாதிரிச் சொன்னால் உங்களுக்குத்தான் அவதி. ஆனால் அதற்காகக் கதவைச் சாத்துவது போல ஒரு வார்த்தையில் பதில் சொல்வது தவறு. என் மாணவிகளுக்கு நான் சொல்வது: தெரிந்ததையும் சொல்லக் கூடியதையும் முழுதாகச் சொல். "ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சு, டாக்டர் ஒன்பது மணிக்கு வருவார், நீங்க கேக்கணும்னு நினைக்கறதை இந்தத் தாள்ல எழுதி வைங்க, நானும் ஞாபகப்படுத்தறேன்." இதற்குக் கூடுதல் நேரம் ஆவதில்லை.

இதைவிடக் கடினமான ஒன்று எங்களுக்கு அடிக்கடி நேரும். புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று குடும்பம் கேட்டுக்கொள்ளும். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அவரே எங்கள் கையைப் பிடித்து, "உண்மையைச் சொல்லும்மா, எனக்கு என்ன?" என்பார். "ஒண்ணுமில்லப்பா, சரியாயிடும்" என்பதுதான் வாயில் முதலில் வரும். அதைச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அவர் அதற்கப்புறம் யாரிடமும் கேட்க மாட்டார். நோயின் பெயரைப் போட்டு உடைப்பதும் நம் வேலை இல்லை. உட்கார வேண்டும். "ஏம்ப்பா கேக்கறீங்க, மனசுல என்ன ஓடுது?" என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள். சிலருக்கு நோயைவிட மகள் கல்யாணம், கடன் பற்றிய பயம் இருக்கும். காலையில் அதை டாக்டரிடமும் குடும்பத்திடமும் எடுத்துச் சொல்லி, அவர்கள் சேர்ந்து பேச வழி செய்ய வேண்டும். அமெரிக்க நர்சிங் அறிஞர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952லேயே எழுதினார், நர்ஸ் நோயாளிக்கு முதலில் ஓர் அந்நியர்தான், அங்கிருந்துதான் உறவு தொடங்குகிறது என்று. ராத்திரி கையைப் பிடித்துக் கேட்கிறார் என்றால் அந்த அந்நியம் விலகிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் பொய் சொல்லக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் நேரத்திலும் இப்படித்தான். "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்ல எப்படி இன்சுலின் போடுவீங்க, ஒரு தடவை எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்றால்தான் எது விளங்கவில்லை என்று தெரியும்.

ஐசியூ பிரதர்:
அட்டெண்டர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஐசியூ வாசலில் கோபமாக நிற்கும் கூட்டத்தைச் சமாளிப்பது தனி வித்தை. மருத்துவ ஊழியரைத் தாக்கினால் தண்டிக்க 2008 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் அடி விழுந்த பிறகுதான் சட்டம் வரும். நான் பார்த்த வரை பெரும்பாலான சண்டைக்கு முன்னால் பல மணி நேரம் யாரும் எதுவும் சொல்லாத ஒரு மௌனம் இருந்திருக்கும்.

அட்மிஷன் அன்றே குடும்பத்தில் ஒருவரைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலை இத்தனை மணி, மாலை இத்தனை மணிக்கு நிலைமை சொல்கிறோம் என்று சொல்லி, மாற்றம் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு வெளியே போய் "மாற்றம் இல்லைங்க, மருந்து போயிட்டிருக்கு" என்று சொல்லுங்கள். பில்லைப் பற்றிக் கேட்டால் வாதாடாமல் பில்லிங்கில் பேச ஆள் கூட்டி விடுங்கள்.

இன்னொன்று, நம் வார்டு ஆயாம்மாக்கள். பெட்ஷீட் மாற்றும்போது "தம்பி, அந்தத் தாத்தா நேத்து மாதிரி இல்ல, பேச்சு குழறுது" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு நான் ஓடியிருக்கிறேன். டாக்டர் நம்மைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், ஆயாம்மாவைக் கேட்கிறோமா?

லீட்ஸ் தமிழ்:
பிரதர் சொன்னது குடும்பத்தாருக்கும் பொருந்தும். மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் 2021இல் லண்டனில் செப்சிஸால், அதாவது தொற்று முற்றி உடலே நிலைகுலைந்து, இறந்தாள். மகள் மோசமாகிறாள் என்று பெற்றோர் சொல்லியும் யாரும் உரிய நேரத்தில் செவிகொடுக்கவில்லை. அந்தப் பெற்றோர் போராடியதால் 2024 முதல் இங்கே மார்த்தா விதி என்று ஒன்றைக் கொண்டுவந்து படிப்படியாக விரிவாக்குகிறார்கள். நோயாளியோ குடும்பமோ நர்ஸோ, கவலை இருந்தால் வேறொரு குழுவை நேரடியாக அழைத்து உடனே பார்க்கச் சொல்லலாம்.

வார்டு 7:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். எங்கள் வார்டிலும் ஒரு மாற்றம் நடந்தது, சொல்கிறேன். மூச்சு 25க்கு மேல், சாச்சுரேஷன் 92க்குக் கீழ், மேல் பிபி 90க்குக் கீழ், புதிதாகக் குழப்பம் என்று ஒரு தாளில் எழுதி, "இவற்றில் ஒன்று இருந்தால் எந்த நேரமானாலும் டியூட்டி டாக்டரை அழைக்க வேண்டும்" என்று சீஃபிடம் கையெழுத்து வாங்கி ஃபோனுக்கு மேலே ஒட்டினோம். அதற்கப்புறம் யாராவது கத்தினால், "சீஃப் உத்தரவு சார்" என்போம். சத்தம் குறைந்தது. ஆள் கூடவில்லை, அந்தக் கோரிக்கை அப்படியே நிற்கிறது. ஆனால் புதுப் பிள்ளைகள் ஃபோனுக்கு முன்னால் தயங்கி நிற்பது நின்றது.

மெடிசின் பிஜி:
அந்தத் தாள் டாக்டர்களுக்கும் நல்லது. கூப்பிட்டதற்குக் கோபப்பட முடியாது, கூப்பிடாததற்கு நர்ஸைக் குறை சொல்லவும் முடியாது.

கொடிவேரி:
வார்டு 7 அக்கா, உங்கள் தாளைப் பற்றி எங்கள் இன்சார்ஜிடம் சொன்னேன். மருத்துவக் கண்காணிப்பாளரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பத்து மணிப் பேச்சுக்கு ஒரு டியூட்டி டாக்டர் ஒத்துக்கொண்டார், மற்றவர் "பார்க்கலாம்" என்றார். கடைசியாக ஒன்று: எல்லாம் சரியாகச் சொல்லியும் அவர் வரவே இல்லை என்றால்?

பழைய இன்சார்ஜ்:
எத்தனை நிமிடத்தில் வருவார் என்று முதல் ஃபோனிலேயே கேட்டுக்கொள். அந்த நேரம் தாண்டினால் மறுபடி அழை. இரண்டாவது முறையும் வரவில்லை என்றால், "சார், நான் சீஃபுக்கு ஃபோன் பண்றேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டு சீஃபைக் கூப்பிடு. பின்னால் போய்ப் புகார் சொன்னதாக ஆகக் கூடாது. அதே நேரத்தில் நைட் சூப்பர்வைசருக்கும் தெரிவி, அவரை வார்டுக்கே வரச் சொல். நோயாளி பேச்சு மூச்சின்றிப் போனாலோ நாடி கிடைக்காவிட்டாலோ இந்த வரிசை எதுவும் வேண்டாம், இதயம் நின்றால் அவசரக் குழுவை அழைக்கும் குறியான கோட் ப்ளூவை நேராகச் சொல்லிவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கு. உங்கள் மருத்துவமனையில் கோட் ப்ளூவுக்கு எந்த எண் என்று தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கு டியூட்டிக்குப் போனதும் முதல் வேலையாக அதைக் கேட்டு வைத்துக்கொள்.